சட்டைப் பையில் ஒரு ராஜினாமா

அன்புள்ள செல்விக்கு,

முதலில் ஒரு திருட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வாரம் மறுவீட்டு விருந்துக்கு வந்துவிட்டுக் குடியாத்தம் திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டில் என் கையில் ஓர் உறையைத் திணித்து, "அப்பா, இத எங்க ஸ்கூல் எச்.எம். கிட்ட குடுத்துடு, இன்னான்னு கேக்காத" என்றாய். நானும் கேட்கவில்லை. பிரித்துப் படித்துவிட்டேன். பிறகு சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிவிட்டேன். அதைவிட வெட்கக்கேடு, ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு டீ ஆனது. உன் நிச்சயதார்த்தத்தில் உன் மாமியாரிடம் எட்டாவது வரை படித்தவன் என்று சொன்னேன் அல்லவா, அது மூன்றாவது. மூன்றாவதை இரண்டு தடவை படித்ததால் ஆறு என்று வைத்துக்கொண்டேன். மிச்சம் இரண்டைச் சம்பந்தி வீட்டு மரியாதைக்காகச் சேர்த்தேன். ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படித்தேன். "சொந்தக் காரணங்களை முன்னிட்டு எனது ஆசிரியப் பணியை ராஜினாமா செய்கிறேன்" என்ற வரி. அது எனக்கு ஏற்கெனவே மனப்பாடம். பதினாறு வருடத்துக்கு முன்னால் உன் அம்மா எழுதிய அதே வரியை இதே ஆம்பூரில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தவன் நான்.

உறையை இன்னும் கொடுக்கவில்லை. உன் கல்யாண லீவு வருகிற திங்களோடு முடிகிறது, அதற்குள் கொடுத்தாக வேண்டும் என்று எனக்குத் தெரியும். கொடுப்பதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் நான் நடுவில் ஏதாவது கிண்டல் செய்து, நீ சிரித்து, பேச்சு வேறு பக்கம் போய்விடும். அது என் பழக்கம். அதனால்தான் எழுதுகிறேன். உன் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தெரிந்தால் பிழை திருத்தச் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவாள், அப்புறம் இதில் மிஞ்சுவது உன் பெயரும் தேதியும்தான்.

அன்றைக்கு விருந்தில் உன் மாமியார் சொன்னது நினைவிருக்கிறதா? "எங்க வூட்டு மருமவ எதுக்குங்க ரயிலேறிப் போயி ஊரார் புள்ளைங்களுக்கு மூக்கு தொடைக்கணும்? எங்க தறி ஒரு வாரம் ஓடுனா வர்ற காசு, அவ மாசச் சம்பளம்" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ரசத்தை எடுத்து வர உள்ளே போனாள், நாம் மோருக்கு வந்த பிறகும் ரசம் வரவில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய். அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் இல்லை செல்வி. நல்ல மனுஷி, காபி மட்டும்தான் கொஞ்சம் தண்ணி. ஆனால் அவர்கள் சொன்ன வார்த்தை அவர்களுடையது இல்லை. என்னுடையது. எழுபத்து மூன்றில் நம் வீட்டு நடுக்கூடத்தில் நின்றுகொண்டு நான் சொன்னது.

அந்தக் காலத்தை உனக்குச் சொல்ல வேண்டும். நெசவுக்காரன் வீட்டில் பிறந்துவிட்டுத் தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் போனவன் நான். சுண்ணாம்புத் தொட்டியில் இடுப்பளவு நின்று தோல் இழுத்தேன். பாதிப் பதம் போட்ட தோலைக் கப்பலேற்றிய காலம் போய், முழுசாக முடித்துத்தான் அனுப்ப வேண்டும் என்று அரசாங்கம் சொன்னதும், ஊரெல்லாம் புது மிஷின்கள் வந்தன. மிஷின் ஓட்ட ஆள் இல்லை. என்னைத் தொட்டியிலிருந்து ஏற்றி ஷேவிங் மிஷினில் நிறுத்தினார்கள். தோலை ஒரே கனமாகச் சீவுகிற வேலை. கை கொஞ்சம் தவறினால் தோல் கிழியும், ரொம்பத் தவறினால் விரல் போகும். என் கை தவறவில்லை. ஓவர்டைம் கொட்டியது. நாலு ஷாப்புக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் நடந்து போகும்போது முதலாளி நின்று பேசினார். மூன்றாவது படித்தவனுக்கு அந்தக் கிறுக்கு தலையில் ஏற எத்தனை நாள் ஆகும்? ஒரு மாதம் ஆனது. அப்போது உன் அம்மா இருபது வருடமாக டீச்சர். மாதக் கடைசியில் அவள் சம்பளக் கவரைக் கொண்டுவந்து வைத்தால், நான் அதை விரலால் தூக்கிப் பார்த்து, "டீச்சரம்மா, இது சம்பளமா, இல்ல கோயில் பிரசாதமா?" என்பேன். நீ கைதட்டிச் சிரிப்பாய். உனக்கு ஒன்பது வயது, தப்பு உன்னுடையது இல்லை.

என் சிநேகிதன் பாஷாவை உனக்குத் தெரியும். அவன் ஒரு பழைய ஷேவிங் மிஷின் விலைக்கு வருவதாகச் சொன்னான். பாதிப் பங்கு அவன், பாதிப் பங்கு நான். சொந்தமாக வைத்து, மற்ற ஷாப்புகளின் தோலைக் கூலிக்குச் சீவிக் கொடுக்கலாம். என் பாதிக்குப் பணம் எங்கே? உன் அம்மா சம்பளத்தில் பிடித்து வைத்த பி.எஃப். இருந்தது. வேலையை விட்டால்தான் அது முழுசாகக் கைக்கு வரும். நான் கேட்டபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், "ரெண்டு வருஷம் சம்பளம் இல்லாத லீவு போடறேன். மிஷின் ஓடுதான்னு பாப்போம். வேலைய வுட வேணாங்க" என்றாள். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "உன் மாசச் சம்பளம் என் ஓவர்டைம் காசுடி. அத வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" அவள் களைந்த அரிசியை உலையில் போட்டாள். மறுநாள் காலை, முத்து முத்தாக எழுதிய கடிதத்தை என் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். பாஷா கூடக் கேட்டான்: "டீச்சரம்மா துட்டுன்றியே, அவங்கள கேட்டியா?" கேட்டேன் என்றேன். "சரின்னாங்களா?" என்றான். அதற்கும் ஆமாம் என்றேன்.

சைக்கிளில் கொண்டுபோய் எச்.எம். மேஜை மேல் வைத்தேன். அப்போதிருந்தவர் வயதானவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டுதான் படிப்பார். படித்துவிட்டுக் காகிதத்தை என் பக்கமாகத் தள்ளினார்.

"இன்னாப்பா இது? லீவு கேட்டு எழுதச் சொல்லு. ராஜினாமான்னு எழுதிக் குடுத்தா இருபது வருஷ சர்வீசும் போயிடும். பின்னால பென்ஷனுக்கு ஒரு நாள் கூட சேராது."

"சார், லீவு போட்டா பி.எஃப். மொத்தமா வருமா?"

"வராது."

"அப்ப இதுவே இருக்கட்டும் சார்."

காகிதத்தை அவர் பக்கமாகத் தள்ளினேன். அவர் மறுபடி என் பக்கம் தள்ளினார். "ஊட்ல போயி ஒரு வார்த்த கேட்டுக்கினு வா" என்றார். நான் மறுபடி அவர் பக்கம் தள்ளினேன். தோலை மிஷினுக்குள் தள்ளுகிற மாதிரி, அழுத்தமாக. மிஷினில் கை தவறாதவன் அந்த மேஜையில் தவறினேன். அவர் சொன்னதை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அன்று சாயந்திரம் பள்ளியிலிருந்து நீ வந்தபோது அவள் வீட்டில் இருந்தாள். "அம்மா இனிமே டெய்லி வூட்லயே இருக்கும்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினாய்.

மிஷின் இரண்டு வருடம் ஓடியது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே ஓடியது. பிறகு மின்வெட்டு வந்தது. கரண்ட் இருக்கிற நேரத்தில் தோல் இருக்காது, தோல் வந்தால் கரண்ட் இருக்காது. அதற்குள் பெரிய ஷாப்புகள் எல்லாம் சொந்தமாகப் புது மிஷின் வாங்கிவிட்டன. என்னைப் போல மிஷின் ஓட்டத் தெரிந்தவர்களும் ஊருக்குள் நிறைய ஆகிவிட்டார்கள். நான் பழக்கிவிட்ட பையன்களே என் கூலியில் பாதிக்கு வேலைக்குப் போனார்கள். நின்று பேசிய முதலாளி நடந்துகொண்டே பேசினார், அப்புறம் நடந்தே போய்விட்டார். மிஷினை இரும்பு விலைக்கு எடை போட்டுக் கொடுத்தோம். பாஷா தன் பங்கை வைத்துப் பிரியாணிக் கடை போட்டான். "நீயும் வாப்பா, மட்டனச் சீவு" என்று கூப்பிட்டான். நான் போகவில்லை. மறுபடி டேனரியில் கூலிக்கு நின்றேன். இன்றைக்கும் நிற்கிறேன், தோலை மருந்துத் தண்ணீரில் போட்டுச் சுற்றுகிற டிரம் பக்கத்தில்.

எழுபத்தொன்பது ஜூனில் உன் அம்மா அதே பள்ளியில் மறுபடி சேர்ந்தாள். புது டீச்சராக. அவளுக்குப் பிறகு பத்து வருடம் கழித்துச் சேர்ந்தவர்கள் எல்லாம் அவளுக்கு சீனியர். பழைய வகுப்பறை, பழைய கரும்பலகை, சம்பளம் மட்டும் ஆரம்பத்திலிருந்து. அவள் அதைப் பற்றி முனகி நான் கேட்டதில்லை. "இருவது வயசு கொறஞ்சி போச்சுங்க" என்று ஒரு தடவை சொன்னாள். நான்தான் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

இந்தப் பிப்ரவரியில் ஓய்வு பெற்றாள். வேலூரில் பென்ஷன் ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். ஃபைலைப் புரட்டிய குமாஸ்தா சின்ன வயசுக்காரர், மரியாதையாகவே பேசினார். "அம்மா, முதல் இருபது வருஷம் ராஜினாமாவுல போச்சு. ரெண்டாவது சர்வீஸ் ஒம்பது வருஷம் எட்டு மாசம். பென்ஷனுக்குக் குறைஞ்சது பத்து வருஷம் வேணும். நாலு மாசம் கம்மி" என்றார். உன் அம்மா, "அப்ப எனக்கு எவ்ளோ வரும் சார்?" என்று கேட்டாள், வகுப்பில் பின்வரிசைப் பிள்ளை கேட்பதுபோல. "மாசா மாசம் எதுவும் வராதும்மா. ஒரே தடவையா கொஞ்சம் வரும்." பிறகு அவர், நல்ல எண்ணத்தில்தான், "அப்பவே நீங்க லீவு போட்டிருக்கணும்மா. யாருமே சொல்லலியா?" என்றார். உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை செல்வி. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குடையை எடுத்துக்கொண்டு, "வாங்க, பஸ்ஸு போயிடும்" என்றாள். பஸ்ஸில் வேர்க்கடலை வாங்கி, உரித்து உரித்து என் கையில் கொடுத்துக்கொண்டே வந்தாள். ஆம்பூர் வரைக்கும் தின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உன்னிடம் நான் என்ன சொன்னேன்? "எல்லாம் உங்க தாத்தா பண்ண வேல. உங்கம்மாவ ஸ்கூல்ல சேக்கறப்ப மூணு வயசு கூட்டிப் போட்டுட்டாரு, அதான் மூணு வருஷம் முன்னாடியே ரிட்டயர் ஆகி பென்ஷன் போச்சு" என்றேன். அது நடந்ததுதான். மூன்று வயதுக் குழந்தையைச் சீக்கிரம் சேர்க்க ஆறு என்று எழுதிக் கொடுத்தார். அந்த மூன்று வருடம் இருந்திருந்தால் பத்து தாண்டியிருக்கும். ஆனால் செத்துப்போன மனுஷன் மேல் மூன்று வருடத்தைப் போட்டுவிட்டு, நான் தொலைத்த இருபது வருடத்தை அவர் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். நீயும் நம்பினாய். திவசத்தன்று தாத்தா படத்தைப் பார்த்து, "ஏன் தாத்தா இப்படி பண்ண?" என்று விளையாட்டாகக் கேட்டாய். உன் அம்மா அங்கேதான் இருந்தாள். தன் அப்பாவுக்காகக்கூட அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. இதுதான் உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டேன்.

ஒரே தடவையாக வந்த அந்தக் கொஞ்சம் எங்கே என்று நீ கேட்டதில்லை. உன் கழுத்தில் இருக்கிறது, தாலிக்குப் பக்கத்துச் சங்கிலி.

நீ கல்யாணமாகிப் போன பிறகு உன் அம்மா என்ன செய்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷூ கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வீடு ஷூவின் மேல்பக்கத் தோலைக் கொடுத்துக் கையால் தைத்து வாங்குகிறார்கள் அல்லவா, அதில் சேர்ந்திருக்கிறாள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. மெழுகு போட்ட நூல், இரண்டு ஊசி. சாக்பீஸ் பிடித்த விரல், நூல் அறுத்து அறுத்துக் கோடு விழுந்திருக்கிறது. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து சரக்கைப் பார்த்து எடுத்துப் போகிற சூப்பர்வைசர் அவளிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். முதல் சனிக்கிழமை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "டீச்சர், நாலு ஜோடி தையல் லூசா இருக்கு டீச்சர். நான் பாஸ் பண்ணிடறேன், நீங்க மனசுல வச்சிக்காதீங்க" என்றான். உன் அம்மா அந்த நாலையும் பிரித்து அவன் கண் முன்னாலேயே திரும்பத் தைத்தாள். "தப்புன்னா தப்புதான்டா. நான் உனக்கு அப்படியா மார்க் போட்டேன்?" என்றாள். அவன் ஒரு மணி நேரம் நின்றான். நான் உள்ளே படுத்துத் தூங்குவதுபோல நடித்தேன்.

டிரம் பக்கத்தில் நிற்கிறவனுக்கு யோசிக்க நிறைய நேரம். நான் யோசித்தது இதுதான். டேனரிக்காரன் உன் கை பலமாக இருக்கும்போது கைநிறையக் கொடுப்பான். கை தளர்ந்த அன்றைக்கு உன்னை யார் என்று கேட்பான். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிறது கம்மி என்று நான் கேலி செய்தேனே, அது கம்மி இல்லை. பாதியைக் கையில் கொடுத்துவிட்டுப் பாதியைப் பிடித்து வைக்கிறார்கள், கிழவியான பிறகு தருகிறேன் என்று. இது பெரிய தர்மம் என்று நான் சொல்லவில்லை. மாட்டைக் கட்டிப் போடுகிற கயிறு மாதிரிதான் இதுவும். வேறு எங்கேயும் போகாதே, போனால் பிடித்ததும் எங்களுக்கே என்கிற கயிறு. இருபது வருடம் ஒருத்தி சொல்லிக்கொடுத்ததை ஒரே ஒரு காகிதத்தால் இல்லை என்று ஆக்கிவிடலாம் என்று எவன் எழுதினானோ, அவன் வீட்டில் டீச்சர் யாரும் இல்லை போலிருக்கிறது. ஆனால் கயிற்றை எழுதியவனை நானோ நீயோ ஒன்றும் செய்ய முடியாது. நடுவில் அறுத்துக்கொண்டு போகிறவளுக்குத்தான் நஷ்டம். உனக்கு இப்போது ஐந்து வருடம் ஆகியிருக்கிறது. அந்த ஐந்தை நீ ஏற்கெனவே உழைத்துவிட்டாய். அவர்களிடம் இருக்கிறது. அதைத்தான் "சொந்தக் காரணங்களை முன்னிட்டு" விட்டுவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய்.

தறி இன்றைக்கு நன்றாக ஓடுகிறது. ஓடட்டும். என் மிஷினும் ஓடியது. மாப்பிள்ளை தங்கமானவர், நானும் அன்றைக்கு என்னைத் தங்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். குடியாத்தம் ஸ்டேஷனிலிருந்து ஆம்பூருக்குக் காலையில் பாசஞ்சர் இருக்கிறது, சீசன் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். ஸ்டேஷன் ஊருக்கு வெளியே தள்ளி இருக்கிறது என்பாய். மாப்பிள்ளையிடம் ஸ்கூட்டர் இருக்கிறதே, லுங்கிக் கட்டு மட்டும்தான் அதில் ஏறுமா? அவ்வளவும் முடியாது என்றால், சம்பளம் இல்லாத லீவு என்று எழுது. அன்றைக்கு உன் அம்மா கேட்டது அதுதான். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டு. மாமியாரிடம் காட்டுவதாக இருந்தால் காபி பற்றிய இடத்தை மட்டும் மடித்துக்கொள். யாரும் எதுவும் கேட்காமல், நீயே யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஒரு தடவை குறுக்கே நின்றது போதும். ஆனால் என் தட்டின் பக்கத்தில் வைத்த கடிதம் மாதிரி அது இருக்கக் கூடாது.

இதை மூன்று நாளாக எழுதுகிறேன். உன் உறையையும் இதோடு வைத்து உனக்கே திருப்பி அனுப்பிவிடலாம், நீயே முடிவு செய்துகொள் என்று இருந்தேன். அது முடியாமல் போய்விட்டது. இன்று காலை ஐந்தாம் நம்பர் டிரம்மில் ஆட்டுத்தோல் ஏற்றினோம். கதவை மூடுவதற்கு முன்னால் தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். சட்டைப் பையில் உறை இருந்தது. டிரம் சாயந்திரம் வரைக்கும் சுற்றியது. இறக்கும்போது கிடைத்தது. பருக்கை வைத்து ஒட்டிய இடம் பிரியவில்லை. உள்ளே எழுத்து எதுவும் இல்லை, காகிதம் தோலைப் போலவே ஒரே சீராக நீலம் ஏறியிருக்கிறது. வேண்டுமென்றால் வேறொன்று எழுதிக் கொடுத்தனுப்பு, கொண்டுபோய்க் கொடுக்கிறேன். என்னிடம் வேலைக்குப் போட்டுக்கொள்ள இந்த ஒரு சட்டைதான் இருக்கிறது, அதற்கும் இந்த ஒரு பைதான். டேனரி சூப்பர்வைசர் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். தோலுக்கு ஒன்றும் சேதம் இல்லை.